முதல் பேஸ் கிட்டாருக்கு எந்தக் கம்பி: ரவுண்டா, ஃப்ளாட்டா?

பேஸ் கம்பி வாங்கும்போது கம்பெனிப் பெயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நடுக்கம்பியின் மேல் என்ன மாதிரி சுற்றியிருக்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. ஒரே ரகச் சுற்றுள்ள இரண்டு கம்பெனி செட்டுகளின் வித்தியாசம் புதிதாகப் பழகுபவர் காதுக்கு எட்டுவதே கடினம். சுற்று மாறினாலோ, கையில் இருப்பது வேறு பேஸோ என்று தோன்றும்.

ரவுண்ட்வவுண்டில் வெளிச்சுற்று உருண்டைக் கம்பி. நகத்தால் உரசினால் வரிவரியாகத் தட்டுப்படும். ஒலி பளிச்சென்று எழும்பி, நீண்ட நேரம் நிற்கும். ஸ்லாப் (கட்டைவிரலால் கம்பியைத் தட்டுவது) வாசிக்கவும், பிக் (மீட்டும் சிறு தகடு) வைத்து அடித்து வாசிக்கவும் இதுதான் சரி. இந்த ஒலி ராக் இசையில் வேரூன்றியதில், 1966-ல் ரோட்டோசவுண்ட் நிறுவனம் தி ஹூ குழுவின் பேஸ் கலைஞர் ஜான் என்ட்விசிலோடு சேர்ந்து உருவாக்கிய ஸ்டீல் ரவுண்ட்வவுண்டுக்குப் பெரிய பங்கு உண்டு. குறைகளும் உண்டு. இடது கையை நகர்த்தினால் கீச்சிடும். வியர்வையும் அழுக்கும் வரிகளுக்குள் புகுந்து அடைத்துக்கொள்வதால் பளபளப்பு சில வாரங்களிலேயே மங்கத் தொடங்கும். பிரெட் (விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) இல்லாத பேஸில் போட்டால் விரல்பலகையை அரித்துவிடும்.

ஃப்ளாட்வவுண்டில் சுற்றுவது தட்டையான நாடா. தொட்டால் வழவழவென்று இருக்கும், கீச்சொலி கிட்டத்தட்ட இல்லை. ஒலி அடக்கமாக, 'தும்' என்று விழுந்து சீக்கிரம் அடங்கும். மோட்டவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்தின் பாடல்களில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பேஸ் இப்படிப்பட்ட கம்பியில்தான். அழுக்கு தங்க வரிகள் இல்லாததால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். பழசாக ஆக இன்னும் நன்றாக இருக்கிறது என்பவர்களே அதிகம். ஆனால் விலை கூடுதல். நாடாச் சுற்றில் இடைவெளி குறைவு என்பதால் அதே தடிமனுள்ள ரவுண்டைவிடப் பொதுவாக எடையும் இழுவிசையும் அதிகம். விரல் இன்னும் காய்த்துப்போகாதவருக்கு அந்த விறைப்பு சோதனைதான். ஸ்லாப் அடித்தால் சப்பென்று இருக்கும்.

இடைப்பட்டது ஹாஃப்வவுண்ட்: ரவுண்டாகச் சுற்றி மேல்பக்கத்தை மட்டும் மழித்தது. இரண்டின் நல்லதும் பாதிப்பாதிதான் கிடைக்கும். நைலான் நாடா சுற்றிய டேப்வவுண்ட் பெரும்பாலும் தடிமனானது. நெக்கின் (கிட்டாரின் கழுத்து) தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டின் பள்ளத்தில் உட்காராமல் மேலே நின்றுகொண்டால் பள்ளத்தை அரத்தால் அகலப்படுத்த வேண்டும். பிறகு பழைய கம்பிக்குத் திரும்பினால் அது தளர்ந்து ஆடும். முதல் பேஸில் இந்த வேலை வேண்டாம்.

ரவுண்ட் என்று முடிவானால் அடுத்தது உலோகம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மிகக் கூர்மையான ஒலி தரும். சொரசொரப்பு கூடுதல், பிரெட்டையும் சீக்கிரம் தேய்க்கும். நிக்கல் பூசிய ஸ்டீல் கொஞ்சம் மென்மை. விரலுக்கும் பிரெட்டுக்கும் இதம். புதுப் பேஸ்களில் பெரும்பாலும் இதுவே மாட்டப்பட்டு வருகிறது. எந்த இசை வாசிக்கப்போகிறோம் என்று தெளிவாகும்வரை இதிலேயே இருக்கலாம். பழைய பாடல்கள், ஜாஸ் மட்டும்தான் என்று ஏற்கெனவே தெரிந்தவர் தயங்காமல் ஃப்ளாட்டுக்குப் போகலாம்.

தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கு. 45-65-85-105 என்பது வழக்கமான நான்கு கம்பி செட், 40-60-80-100 இலேசானது. ஐந்து அலகுதானே என்று நினைக்கக் கூடாது. இழுவிசை தடிமனின் வர்க்கத்தோடு ஏறக்குறைய சேர்ந்து மாறுவதால், 45-க்குப் பதில் 40 போட்டால் மிக மெல்லிய ஜி கம்பியில் சுமார் 20 சதவீதம் குறைகிறது. 105-க்குப் பதில் 100 என்றால் மிகத் தடித்த ஈ கம்பியில் 10 சதவீதம்கூட இல்லை. இலேசான செட் விரலுக்குச் சுகம். ஆனால் அழுத்தி மீட்டுபவர் கையில் கம்பி பிரெட்டில் மோதிக் கடகடக்கும். 45-ல் தொடங்குவதே மேல்.

அதிகம் பேர் கோட்டைவிடுவது நீளத்தில். ஸ்கேல் என்பது நட்டிலிருந்து சேடில் (பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் துண்டு) வரை கம்பி அதிரும் நீளம். 34 அங்குல ஸ்கேலுக்கு லாங் ஸ்கேல் செட், 30-க்கு ஷார்ட் ஸ்கேல். ஸ்கேல் எண்ணை மட்டும் நம்பாமல், உடலில் கம்பியைப் பிடிக்கும் பிரிட்ஜில், கம்பியின் அடிமுனையிலுள்ள உலோகக் குண்டு உட்காரும் இடத்திலிருந்து நட் வரை டேப் வைத்து அளந்து, பாக்கெட்டில் போட்டிருக்கும் சுற்று நீளத்தோடு ஒப்பிடுங்கள். கம்பி உடலின் பின்பக்கத்திலிருந்து வரும் பேஸுக்கு இன்னும் நீளம் வேண்டும். நுனியில் பட்டு நூல் சுற்றியிருந்தால் அது நட்டைத் தாண்டித்தான் தொடங்க வேண்டும். லாங் ஸ்கேல் கம்பியை ஷார்ட் ஸ்கேல் பேஸில் மாட்டினால் தடித்த பாகமே டியூனர் (சுருதி கூட்டும் முறுக்காணி) தண்டில் சுற்றிக்கொள்ளும். உடையும் அபாயம் அங்கேதான்.

மாட்டும்போது, தண்டைத் தாண்டி 10 முதல் 12 செ.மீ. விட்டு, கம்பியை முதலில் செங்குத்தாக மடக்கி, மடிப்புக்கு அப்பால் ஒரு செ.மீ. தள்ளி வெட்ட வேண்டும். மடக்காமல் வெட்டினால் வெளிச்சுற்று நழுவி, ஒலி செத்துப்போகலாம். மடித்த நுனியைத் தண்டின் துளையில் இறக்கி, மேலிருந்து கீழாக இரண்டு மூன்று சுற்று.

ரகமோ தடிமனோ மாறினால் நெக் நகரும். நான்கு கம்பியும் சேர்ந்து இழுப்பது ஏறக்குறைய 80 கிலோ. இறுக்கம் கூடினால் நெக் முன்னால் வளைந்து கம்பி உயரும், குறைந்தால் நிமிர்ந்து கடகடக்கும். ஒரு நாள் அப்படியே விட்டு, ஈ கம்பியை முதல் பிரெட்டிலும் கடைசி பிரெட்டிலும் அழுத்தி, ஏழு எட்டாவது பிரெட் பக்கம் இடைவெளியைப் பாருங்கள். 0.3 மி.மீ. சுமாருக்கு இருந்தால் போதும். இல்லையென்றால் நெக்குக்குள் வளைவைச் சரிசெய்யும் கம்பியான ட்ரஸ் ராடைத் திருப்ப வேண்டும்; ஆனால் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். பிறகுதான் 12-ஆவது பிரெட்டில் சுருதி பார்க்க வேண்டும்: திறந்த கம்பியைச் சரியாகக் கூட்டிவிட்டு 12-ல் அழுத்தும்போது சுருதி ஏறினால் சேடிலைப் பின்னுக்கும், இறங்கினால் நெக் பக்கமும் தள்ளுங்கள்.