ஏற்காட்டு முகாமுக்குப் பையனை அனுப்பினேன்: நல்லதும் ஒரு குறையும்

மே மாத லீவில் என் பையனை ஏற்காட்டில் நடக்கும் ஒரு முகாமுக்கு அனுப்பினேன். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு யோசித்து முடிவெடுக்கவும், தனக்கென்று ஒரு இலக்கு வைத்துக்கொள்ளவும் பழக்குகிற முகாம். இரண்டு ராத்திரி, மூன்று பகல், தங்க, சாப்பிட எல்லாம் சேர்த்து 4,500 ரூபாய். ஒரு குறையையும் சொல்லப்போவதால் முகாமின் பெயர் போடவில்லை.

அப்போதுதான் பத்தாவது முடித்திருந்தான். பயோ மேத்ஸா, காமர்ஸா என்று வீட்டில் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தோம். அவனை ஒருத்தரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் நாள் சாயங்காலம் ஆறு பேருக்கு 600 ரூபாய் என்று கையில் கொடுத்து, ராத்திரிக்கு வேண்டியதை நீங்களே வாங்கிச் சமைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள், ஒரு பெரியவர் மட்டும் தள்ளி நின்று கூடவே போனாராம். ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி வாசனை அடித்ததும் இவன் குழு பாதிப் பணத்தை அங்கேயே முடித்துவிட்டது. மிச்சத்தில் அரிசி, தக்காளி, மூன்று முட்டை. ராத்திரி தக்காளிச் சோறும் ஆளுக்குப் பாதி முட்டையும். யாரும் திட்டவில்லை, யாரும் இரக்கப்பட்டு மேற்கொண்டு எதுவும் போடவும் இல்லை. சாப்பிட்ட பிறகு நோட்டைக் கொடுத்து, பஜ்ஜி வாங்கலாம் என்று முதலில் சொன்னது யார், வேண்டாம் என்று நினைத்தும் வாயைத் திறக்காதது யார் என்று அவரவரையே எழுதச் சொன்னார்களாம். இவன் வாயைத் திறக்காதவன். மூன்று நாளில் இதற்குத்தான் காசு கொடுத்தேன் என்று இப்போதும் நினைக்கிறேன்.

மறுநாள் பைக் விஷயம். சேலத்துப் பையன்களுக்கு லைசென்ஸ் இல்லாமல் மூன்று பேராக ஏற்காடு ஏறுவது ஒரு ஆசை, 20 கொண்டை ஊசி வளைவு, எனக்கு அதை நினைத்தாலே வயிற்றைக் கலக்கும். பயிற்சியாளர் உபதேசம் செய்யவில்லை. தனியாகக் கேட்டால் எல்லோரும் "போகமாட்டேன்" என்றுதான் சொல்வீர்கள் என்று சொல்லி, இரண்டு பேரைப் பக்கத்தில் நிறுத்தி, "என்னடா, அம்மாகிட்ட கேக்கணுமா?" என்று சீண்ட வைத்து, அப்போது வாயில் என்ன வருகிறது என்று பார்த்திருக்கிறார். அமெரிக்காவில் லாரன்ஸ் ஸ்டீன்பர்க், கார்ட்னர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது: கார் ஓட்டும் கணினி விளையாட்டில், நண்பர்கள் பக்கத்தில் இருந்தால் பதின்வயதினர் கூடுதல் ஆபத்தை எடுக்கிறார்கள், பெரியவர்களிடம் அந்த மாற்றம் அவ்வளவாக இல்லை. அதனால் மறுப்பதற்கான வார்த்தையை முன்கூட்டியே வாயில் பழக்குகிறார்கள். இவன் பழகியது, "நான் பஸ்ல வரேன், மேல பாக்கலாம்." 2019 சட்டத் திருத்தப்படி 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றவருக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு, அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. இதையும் சொன்னார்களாம், ஆனால் வீட்டுக்கு வந்து அவன் திரும்பத் திரும்பச் சொன்னது அந்த பஸ் வசனத்தைத்தான்.

இலக்கு வகுப்பும் நன்றாக இருந்திருக்கிறது. "நன்றாகப் படிப்பேன்" என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். எதை, எத்தனை, எந்தத் தேதிக்குள், தினம் எந்த வேலை முடிந்ததும் உட்காருவாய் என்று எழுத வேண்டும்.

குறை கடைசி நாள் மத்தியானம்தான். பெற்றோரை வரவழைத்து எதிரே உட்காரவைத்து, பிள்ளைகளை மைக்கில் இலக்கை வாசிக்கச் சொன்னார்கள். முதல் பையன் "கலெக்டர் ஆவேன்" என்றதும் கைதட்டல். அப்புறம் வரிசையாக கலெக்டர், டாக்டர். என் பையனும் "ஐ.ஏ.எஸ்." என்றான், நானும் கைதட்டினேன். நண்பன் சீண்டும்போது நிற்கப் பழக்கியவர்கள், பெற்றவர்கள் முன்னால் நிற்கப் பழக்கவில்லை, அதுதான் இன்னும் கஷ்டம். அந்த நிகழ்ச்சியை எடுத்துவிடுங்கள் என்று அவர்களிடமே சொல்லிவிட்டேன். ஒரு மாதம் கழித்துப் போன் செய்து விசாரிப்போம் என்றார்கள், வரவில்லை.

இறங்கும் பஸ்ஸில் அவனே நோட்டை நீட்டினான். "அம்மா, இதுதான் நெசமா எழுதினது." எங்கள் அண்ணனுக்கு சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. "ஜூலை 31-க்குள் கொலுசு டிசைன் பத்து. காலையில் பால் வாங்கி வந்ததும் அரை மணி நேரம். முடித்து மாமாவிடம் காட்ட வேண்டும்." கீழே சின்னதாக, "காமர்ஸ் என்று அப்பாவிடம் சொல்ல வேண்டும்" என்றும் இருந்தது, அதற்குத் தேதி போடவில்லை.

ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகள் இருந்தால் தாராளமாக அனுப்பலாம். கோடை விழா நாட்களில் மட்டும் வேண்டாம், மலைப்பாதையில் வண்டி நகராது. கடைசி நாள் நிகழ்ச்சி இன்னும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். இவன் ஏழு டிசைன் முடித்துவிட்டான், அப்பாவிடம் போன ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டான்.