புளியந்தீவில் பழைய ஓட்டு வீடு: வாடகைக்கு எடுக்கலாமா?

மட்டக்களப்பில் வாகனம் இல்லாமல் காலந்தள்ள ஏற்ற இடம் புளியந்தீவுதான். 1628இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை, காந்தி பூங்கா, மெதடிஸ்த மத்திய கல்லூரி, மிக்கேல் கல்லூரி எல்லாமே நடைதூரம். ரயில் நிலையத்துக்கு மட்டும் பாலம் தாண்ட வேண்டும். பாடசாலை தொடங்கும், விடும் நேரங்களில் ஒழுங்கைகளில் நெரிசல், அதற்கு மருந்தில்லை.

வீட்டைப் பார்ப்பதென்றால் மாரியில், கார்த்திகை மார்கழியில் போங்கள். கோடையில் எந்த ஓடும் ஒழுகாது! முகட்டு ஓடும், சுவரோடு கூரை சேரும் மூலையும்தான் முதலில் ஒழுகும். சுவரின் அடியில் இரண்டு மூன்று அடிக்கு வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் கவனம். சுண்ணாம்புச் சாந்துச் சுவருக்குமேல் சீமெந்து பூசியிருப்பார்கள். ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே நிற்கும், பெயின்ற் அடித்தாலும் உரியும். சீமெந்தைக் கொத்தி, திரும்பச் சுண்ணாம்பே பூச வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்பதை முற்பணம் கொடுக்குமுன் எழுத்தில் வாங்குங்கள்.

வாவியோரக் கிணற்றுத் தண்ணீரைக் கோடைக் கடைசியில் வாயில் விட்டுப் பாருங்கள். உவர்த்தால் குழாய் இணைப்பு இல்லாத வீடு வேண்டாம். விறாந்தைக் காற்றுக்காக மட்டும் கூடுதல் வாடகை கொடுக்கலாம், தப்பில்லை. நுளம்புவலை கட்டாயம்.