குண்டு விழுந்தால் எந்தப் பக்கம் ஓடுகிறான்?

காம்பேட் மிஷன்: பேட்டில் ஃபார் நார்மண்டி என்ற இரண்டாம் உலகப்போர் கம்ப்யூட்டர் ஆட்டம் 2011-ல் வந்தது. நான் வாங்கியது இரண்டு வருடம் கழித்து. வாங்கிய பிறகு மூன்று லேப்டாப் மாறிவிட்டது, ஆட்டம் மட்டும் மாறவில்லை. கிராபிக்ஸ் பழசு, மெனு குழப்பம் என்பதெல்லாம் எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது ஒரே விஷயம்: தன் மேல் சுடும்போது அதிலுள்ள காலாட்படைக்காரன் என்ன செய்கிறான்?

ஆடாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஆடும் முறையில் 60 நொடிக்கான கட்டளைகளை முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும். பொத்தானை அமுக்கிவிட்டால் அந்த ஒரு நிமிடத்துக்கு வேடிக்கை பார்க்கலாம், கை வைக்க முடியாது. எதிரி மட்டுமல்ல, நம் பையன்களும் அப்போது கம்ப்யூட்டர் கையில்தான். எப்போது படுப்பது, எப்போது பின்வாங்குவது எல்லாம் அது பார்த்துக்கொள்ளும்.

முதல் வருடம் முழுக்கத் திட்டித் தீர்த்தேன். வெட்டவெளியில் 'ஃபாஸ்ட்' கொடுத்து ஒரு அணியை ஓடவிடுவேன். எங்கிருந்தோ ஒரு மெஷின் கன் கத்தும். நாலு பேர் சரிவார்கள், மிச்சப் பேர் முகத்தை மண்ணில் புதைத்துக்கொள்வார்கள், இரண்டு பேர் வந்த வழியே திரும்பி ஓடுவார்கள். 'சவத்து ஏஐ' என்று மூடி வைத்துவிட்டுப் போன நாட்கள் நிறைய. பிறகுதான் புத்தி வந்தது. எதிரி இருப்பதாகச் சந்தேகப்படும் இடத்தில் பாதி அணியைச் சுடவிட்டு, அந்த நேரத்தில் மீதிப் பாதியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினால் அதே ஆட்கள் ஒழுங்காகப் போகிறார்கள். தலைவனோடு தொடர்பு அறுந்தவர்களும் பயிற்சி குறைந்தவர்களும் சீக்கிரம் கலங்குகிறார்கள், தெளியவும் நேரமெடுக்கிறார்கள். அவர்களிடம் குற்றம் இல்லை. கட்டளை கொடுத்த எனக்குத்தான் விவரம் போதவில்லை.

பிரான்சில் இருக்கும் நார்மண்டியின் வேலிகள் இன்னொரு பாடம். போக்காஜ் என்பார்கள். எங்கள் தக்கலைப் பக்கம் விளையை, அதாவது தோட்டத்தை, சுற்றிப் போடுகிற கையாலை என்ற மண்சுவரை ஆள் உயரத்துக்கு ஏற்றி, மேலே முள்ளும் மரமும் அடைந்து வளர விட்டால் எப்படியிருக்கும், அதுதான். ஆட்டத்தில் ஆளால் அதைத் தாண்ட முடியாது, இடைவெளி இருக்கும் இடத்தில்தான் வழி. அவசரத்தில் கையாலைக்கு அந்தப் பக்கம் மவுஸைத் தட்டிவிட்டால் போச்சு. ஆட்கள் தூரத்து இடைவெளியைத் தேடி, துப்பாக்கி வாய்க்கு நேராக ஊர்வலம் போவார்கள். தட்டியது நான்தான் என்பதால் யாரையும் திட்டவும் முடியாது.

பட்டாளத்தில் இருந்து வந்த என் மாமா ஒருநாள் மழைக்கு ஒதுங்கியவர், சாயா குடித்தபடி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்று ஓடியது வேறொரு ஆட்டம், பெயர் வேண்டாம். அதில் ஒரு புதுப்பிப்பு வந்த பிறகு, பதுங்குகுழியில் இருப்பவர்கள் பீரங்கிக் குண்டு விழத் தொடங்கியதுமே எழுந்து வெளியே ஓட ஆரம்பித்திருந்தார்கள்.

"மக்கா, இவன் எதுக்கு எழும்பி ஓடுகான்?"

"பயந்துட்டான் மாமா."

"பயந்தவன் குழிக்குள்ளதான் கிடப்பான். இவனுக்குப் பயமே இல்ல, அதான் ஓடுகான்."

நான் வருடக்கணக்கில் சொல்லத் தெரியாமல் முழித்ததை அவர் அரை கிளாஸ் சாயாவுக்குள் சொல்லிவிட்டார். தரையில் வெடிக்கும் குண்டின் சில்லுகள் பக்கவாட்டிலும் மேலேயும்தான் பறக்கும். தரைமட்டத்துக்குக் கீழே கிடப்பவனுக்கு, நேராக அவன் குழிக்குள்ளேயே விழாதவரை, பிழைக்க வழி உண்டு. எழுந்து நிற்பவனுக்கு அது இல்லை. காட்டுக்குள் கதை வேறு. கிளையில் பட்டு வெடித்தால் சில்லு மேலிருந்து கொட்டும், வெறுமனே குப்புறப் படுத்தும் பிரயோஜனமில்லை. மழைக்கு ரப்பர் மரத்தடியில் ஒதுங்கினவனுக்கு இதை விளக்க வேண்டாம். காம்பேட் மிஷன் இந்த வித்தியாசத்தைக் கணக்கில் வைத்திருக்கிறது, மரங்களுக்கிடையே ஆட்களை நிறுத்தி நான் வாங்கிக் கட்டிக்கொண்டதே சாட்சி.

மாமா கேட்ட இன்னொரு கேள்வி, துப்பாக்கியோடு நாமே ஓடுகிற வகை ஆட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டு: "சுட்டது எங்கன்னு அவனுக்கு உடனே எப்படித் தெரிஞ்சுது?" நியாயமான கேள்வி. ரைபிள் குண்டு ஒலியைவிட வேகமாக வரும். முதலில் காதருகே 'டக்' என்று ஒரு வெடிப்பு, பிறகுதான் துப்பாக்கியின் 'தும்'. 300 மீட்டரில் இரண்டுக்கும் கிட்டத்தட்ட அரை நொடி இடைவெளி. முதல் சத்தத்தை நம்பித் திரும்பினால் திசை தப்பும். பல ஆட்டங்களில் கம்ப்யூட்டர் சிப்பாய் இந்தக் குழப்பமே இல்லாமல் சட்டென்று திரும்பி நம் நெற்றியில் சுடுகிறான். காம்பேட் மிஷனில் முதலில் ஒரு கேள்விக்குறி தோன்றும், அங்கே யாரோ இருக்கிறார்கள் என்ற அளவுக்குத்தான் தெரியும். இந்த ஒன்றுக்காகவே அதற்கு அரை மார்க் கூடப் போடுவேன்.

மற்ற ஆட்டங்களையும் தொட்டுவிடுகிறேன். 1996-ல் வந்த குளோஸ் காம்பேட்டில் ஆட்கள் பயந்தால் கட்டளையையே கேட்க மாட்டார்கள், அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். 2006-ன் கம்பெனி ஆஃப் ஹீரோஸில் அடங்கிக் கிடக்கும் அணிக்கும் பின்வாங்கும் பொத்தானை அமுக்கினால் போதும், எழுந்து முகாமுக்கு ஓடிவிடும். ஆட ஜாலி, ஆனால் மாமாவிடம் காட்ட மாட்டேன்.

எனக்கு இன்னும் தீராத குறை ஒன்று உண்டு. பிரிட்டிஷ் ராணுவப் பயிற்சியில், பலிக்கும் சூடு, அதாவது ஆளைச் சாய்க்கிற அளவுக்குக் குறியான சூடு, வரும்வரை நில்லாமல் நகர வேண்டும் என்பார்கள். பலிக்கிற சூடு வந்தால் ஓடு, விழு, தவழ், பார், குறிவை, சுடு. நடுவில் அந்தத் 'தவழ்' எதற்கென்றால், விழுந்த இடத்திலேயே தலை தூக்கினால் எதிரி அங்கேயே குறிவைத்துக் காத்திருப்பான். நான் ஆடிய ஆட்டங்களில் ஆட்கள் விழுகிறார்கள், விழுந்த இடத்திலேயே எழுகிறார்கள். 'ஹண்ட்' கட்டளை கொடுத்தால் எதிரியைக் கண்டதும் நிற்பார்கள், சரி. ஆனால் நாலடி தள்ளித் தவழ்ந்து போய் எட்டிப் பார்க்க ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

குவைத்தில் இருக்கும் சித்தப்பா மகனோடு மெயில் வழியாகக் காம்பேட் மிஷனில் ஒரு சண்டை நான்கு மாதமாக ஓடுகிறது, ஒரு நாளைக்கு ஆட்டத்தில் ஒரு நிமிடம், சில வாரம் அதுவும் இல்லை. கையாலைக்குப் பின்னால் என் ஆட்கள் மூன்று பேர் மிச்சம், அதில் ஒருத்தன் தலையே தூக்குவதில்லை. இந்த முறை அவர்களுக்கு எந்தக் கட்டளையும் கொடுக்கவில்லை, அப்படியே கிடக்கட்டும் என்று ஆட்டத்தின் ஃபைலை அனுப்பியிருக்கிறேன். அவனிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.