ஹெட்ஸ்பேஸ் பார்க்க கோ கேஜா, செல்லோடேப்பா?

சாவேஜ் 110 ரைஃபிளுக்கு .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கான பேரல் (குழல்) வாங்கி வீட்டிலேயே மாட்ட முடிவு செய்தபோது, ஹெட்ஸ்பேஸ் பார்க்க இரண்டு வழிகள் இருந்தன. எஃகில் செய்த கோ (இதன் மேல் போல்ட் மூட வேண்டும்), நோ-கோ (இதன் மேல் மூடக் கூடாது) கேஜ்களை வாங்கலாம். இல்லையென்றால், இங்கே அமெரிக்காவில் பலர் செய்வதுபோல, புது பித்தளைக் கேஸின் (தோட்டாவின் உறை) அடியில் செல்லோடேப் ஒட்டிப் பார்க்கலாம். நான் கேஜ்தான் வாங்கினேன். இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

போல்ட் (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் உருளை) முகத்திலிருந்து, தோட்டாவை மேலும் முன்னே போகவிடாமல் சேம்பர் (பேரலில் தோட்டா அமரும் குழி) தடுக்கும் இடம்வரை உள்ள நீளம்தான் ஹெட்ஸ்பேஸ். .308-இல் தடுப்பது கேஸின் தோள், அதாவது கழுத்தை நோக்கிக் குறுகும் சரிவு. இந்த நீளம் அளவுக்கு மீறினால், சுடும்போது கேஸின் அடிப்பக்கம் பின்னால் இழுபட்டு, அதற்குச் சற்று மேலே சுவர் மெலியும். அங்கேயே கேஸ் பிய்ந்தால் கொதிக்கும் வாயு சுடுபவரின் பக்கமாகத் திரும்பும். நீளம் குறைந்தால் போல்ட் மூட மறுக்கும்.

விலையில் டேப்பை மிஞ்ச முடியாது. கேஜ் ஒன்று ஏறத்தாழ 35, 40 டாலர் ஆகிறது. வாடகைக்குத் தருபவர்களும் உண்டு.

எனக்கு முடிவைச் சொன்னது வேறொரு விஷயம்: எதை அடிப்படையாக வைத்து அளக்கிறோம் என்பது. எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. (அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா தயாரிப்பாளர்களின் அமைப்பு) தரப்படி .308 சேம்பர் 1.630 முதல் 1.640 அங்குலம்வரை இருக்கலாம். தோட்டாவோ 1.627 முதல் 1.634 வரை. அதாவது கையில் எடுக்கும் கேஸ் இந்த 7 தவ்வுக்குள் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. அது 1.627 என்று வையுங்கள். அதில் முட்டும்வரை பேரலைத் திருகி நிறுத்தினால், சேம்பர் குறைந்தபட்ச அளவைவிட 3 தவ் குட்டையாகிவிடும். அந்தப் பெட்டித் தோட்டா தாராளமாக நுழையும். வேறு பெட்டியில் 1.634 வந்தால் போல்ட் இறங்காது. டேப்பும் நம்பகமானதல்ல. ஒரு அடுக்கு 2 தவ் என்பார்கள், ஆனால் போல்ட் அழுத்தும்போது அது நசுங்கும். கோ கேஜ் 1.630 என்றால் 1.630தான். கோவை பட்டறைகளில் பிளக் கேஜ் (துளையின் அளவு பார்க்கும் எஃகு உருளை) பிடித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சாவேஜில் பேரல் நட் (பேரலை நாம் நிறுத்தும் இடத்தில் இறுக்கிப் பிடிக்கும் வளையம்) இருப்பதால் இந்தத் துல்லியம் இன்னும் அவசியம். அங்குலத்துக்கு 20 மரை, ஆக ஒரு முழுச் சுற்றுக்கு 50 தவ். 1.630 கோ கேஜுக்கும் 1.634 நோ-கோவுக்கும் இடையே இருப்பது ஒரு சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. நட்டை இறுக்கும்போது மரையில் உள்ள தளர்வு எடுபட்டு பேரல் ஒரு இழை முன்னே நகரும். அதனால் இறுக்கிய பிறகும் மறுபடி கேஜ் போட்டுப் பார்க்க வேண்டும்.

பார்க்கும் முன் ஃபயரிங் பின் (தோட்டாவைத் தட்டும் ஊசி), எஜெக்டர் (கேஸை வெளியே தள்ளும் பகுதி) இரண்டையும் கழற்றிவிடுங்கள். எஜெக்டர் ஸ்பிரிங் கேஜைத் தள்ளிக்கொண்டே இருந்தால் கையில் எதுவும் தெரியாது. சேம்பரில் தூசு இருக்கக் கூடாது. கோ கேஜ் மேல் போல்ட் கைப்பிடி தன் எடையிலேயே கீழே விழ வேண்டும். நோ-கோ மேல் பாதியில் நிற்க வேண்டும், அங்கே ஒரு விரலுக்கு மேல் பலம் கொடுக்காதீர்கள். போல்ட்டின் நெம்பு சக்தி கேஜையும் சேம்பரையும் நசுக்கிவிடும்.

பணம் இடிக்கிறது என்றால் கோ கேஜ் மட்டும் வாங்கி, அதன் அடியில் இரண்டு அடுக்கு டேப் ஒட்டி நோ-கோவாகப் பயன்படுத்தலாம். புது பேரலுக்கு அதை நான் ஏற்பேன். அளவு தெரிந்த எஃகின் மேல் ஒட்டுவதால் பிழை டேப்போடு நின்றுவிடும். சுட்ட கேஸை கம்பேரட்டரில் (தோள்வரை உள்ள நீளத்தை அளக்கும் கருவி) அளந்து, தோளை 2 தவ் பின்னுக்குத் தள்ளி மறுபடி தோட்டா செய்பவர்களுக்கு, சேம்பர் ஓரிரு தவ் நீளமாக இருப்பது பெரிய விஷயமல்ல என்பதும் சரிதான்.

.300 வின்செஸ்டர் மேக்னம் போல பெல்ட்டில் நிற்பவை, .303 பிரிட்டிஷ் போல விளிம்பில் நிற்பவை பற்றி என் அனுபவம் குறைவு. மேலே சொன்னதை அவற்றுக்கு அப்படியே பொருத்த வேண்டாம். பழைய ரைஃபிள் வாங்குபவர்கள் ஃபீல்ட் கேஜும் (தேய்ந்த ரைஃபிளின் எல்லையைப் பார்க்கும் கேஜ்) வைத்திருப்பது நல்லது, .308-க்கு அது 1.638. மூன்றையும் ஒரே தயாரிப்பாளரிடம் வாங்குங்கள், நோ-கோ அளவு ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும்.