கிளிஞ்சலா, கல்லா? வீட்டுக்கு ஏற்ற சுண்ணாம்பு எது?

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் பேச்சு எழுந்தாலே எங்கள் வீட்டில் இந்த வழக்கும் எழுந்துவிடும். அம்மா கிளிஞ்சல் சுண்ணாம்புக் கட்சி. அப்பா கல் சுண்ணாம்பு.

வேதியியலைக் கேட்டால் இரண்டுமே கால்சியம் கார்பனேட்தான். கல்லில் இருப்பது கால்சைட் என்ற கனிமம். கிளிஞ்சலில் பெரும்பாலும் அரகோனைட்: பொருள் அதேதான், படிக அடுக்கு வேறு. சுமார் 900 டிகிரியில் சுட்டால் அந்த வேற்றுமையும் போய்விடும். சுத்தமான சரக்கென்றால் 100 கிலோவில் 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்து, 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் விட்டால் கொதித்து நீறும், அதாவது பொடிந்து மாவாகும். சுவரில் ஏறியபின், இழந்த வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல வாங்கிப் பழையபடி கால்சைட்டாகும்.

பிறகு எதற்கு வழக்கு? கலப்படத்தில்தான் விஷயம் இருக்கிறது. திருநெல்வேலியை அடுத்த தாழையூத்துப் பக்கத்துக் கல், பழைய சுண்ணாம்புப் படிவு பூமிக்கடியில் வெந்து அழுந்திப் படிகமானது. இரும்பு ஆணியால் கீறினால் கோடு விழும். ஆனால் கூடவே சிலிக்கா அடங்கிய சிலிக்கேட் கனிமங்களும் கலந்திருக்கும். 1949 முதல் அங்கே ஓடும் சிமெண்ட் ஆலைக்கு அது குறையில்லை, சிமெண்டுக்கு எப்படியும் சிலிக்கா வேண்டும். வீட்டுச் சுவருக்குத்தான் தொல்லை. சலிக்காமல் பூசினால், அந்தக் கசடு சேர்ந்து சரியாக நீறாத துணுக்கு பின்னால் ஈரம் பட்டுப் பொரிந்து குழி விழும். எங்கள் அடுப்பங்கரைச் சுவரில் வந்து எண்ணிக்கொள்ளலாம். கிளிஞ்சலில் இந்தக் கசடு குறைவு, வெண்மையும் கூடுதல். வெள்ளையடிக்க, வெற்றிலைக்குத் தடவ, என் ஓட்டு அம்மாவுக்கே.

மாடித் தளத்தில் தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதிக்கும்போது மட்டும் இரண்டையும் விட்டுச் சுக்கான் கல்லுக்குப் போவேன். மண்ணுக்குள் உருண்டை உருண்டையாக விளையும் அதில் களிமண் கலந்திருப்பதால், சுட்டு அரைத்த சாந்து ஈரத்திலும் இறுகும். நிறம் அழுக்குதான். மொட்டை மாடியில் அதை யார் பார்க்கிறார்கள்?

பதநீர்க் கலயத்துக்கு எது நல்லது என்று பனையேறும் அண்ணாச்சி ஒருவரிடம் கேட்டேன். "எதுன்னாலும் நல்லா நீறியிருக்கணும் தம்பி. கொறஞ்சா கள்ளாப் போயிரும், கூடுனா நாக்கு வெந்துரும்" என்றார்.