'இட்' நடுவிலா, கடைசியிலா?

பாளையங்கோட்டையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் பலர் ஆங்கிலத்தில் தடுமாறும் இடம் இது: 'டர்ன் இட் ஆஃப்' சரியா, 'டர்ன் ஆஃப் இட்' சரியா?

மின்விசிறியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால் கவலையே இல்லை. 'டர்ன் ஆஃப் தி ஃபேன்', 'டர்ன் தி ஃபேன் ஆஃப்' இரண்டும் சரி. 'இட்', 'தெம்', 'ஹிம்' போன்ற பிரதிப்பெயர் வந்தால்தான் சிக்கல்.

நடுவில்: 'டர்ன் இட் ஆஃப்', 'பிக் ஹிம் அப்'. இங்கே 'ஆஃப்', 'அப்' வினையடைகள் (வினையோடு ஒட்டி அதன் பொருளை முடிப்பவை).
கடைசியில்: 'லுக் அட் இட்', 'வெயிட் ஃபார் மீ'. 'அட்', 'ஃபார்' முன்னிடைச்சொற்கள் (பெயருக்கு முன்னால் வருபவை).

சோதனை: பெயர்ச்சொல்லை நடுவில் வைத்துப் பாருங்கள். 'லுக் தி ரிவர் அட்' என்று தாமிரபரணியைக் காட்டி யாரும் சொல்வதில்லை. ஆகவே 'இட்' கடைசியில்தான்.

அழுத்தம்: 'பிக் இட் அப்' என்பதில் 'அப்' ஓங்கி ஒலிக்கும், 'லுக் அட் இட்' என்பதில் 'லுக்'. பேசும்போது எனக்கு இந்தச் செவிவழிதான் விதியைவிட நம்பகமானது.

ஒரே சொல் இரண்டு வேலையும் பார்க்கும் என்பதுதான் உண்மையான கண்ணி. சட்டையை அணிய 'புட் இட் ஆன்'. நெல்லை சந்திப்பில் தென்காசி பஸ்ஸில் ஏற 'கெட் ஆன் இட்'. ஆகவே 'ஆன்' என்பதைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். வினையோடு சேர்த்துப் படியுங்கள்.

இரண்டும் அடுத்தடுத்து வந்தால், வினையடை முதலில், முன்னிடைச்சொல் பிறகு, பிரதிப்பெயர் கடைசியில். கடையில் அல்வா தீர்ந்துவிட்டால் 'வி ரான் அவுட் ஆஃப் (of) இட்'.

தேர்வு எழுதுபவருக்குப் பெயர்ச்சொல் சோதனை போதும். நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர் அழுத்தத்தோடு வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும்.