கீறல் விழுந்த மணிக்கூட்டுக் கண்ணாடி: மாற்றிவிட்டு விற்பதா, அப்படியே விற்பதா?

2015இல் வாங்கிய சீக்கோ 5 மணிக்கூடு ஒன்றை வேலைநாள், லீவுநாள் பாராமல் எட்டு வருசம் கட்டிவிட்டு, 2023இல் விற்றேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன். உள்ளே இருந்தது 7S26 என்ற தானியங்கி இயந்திரம். நாளைக்குச் சில செக்கன் முன்பின்னாக ஓடுவது அதன் இயல்பு. மற்றபடி ஒரு குறையும் வைக்கவில்லை. வயது தெரிந்ததெல்லாம் கண்ணாடியில்தான், விலை பேச வந்தவர்களும் முதலில் கைவைத்தது அதில்தான்.

சீக்கோ தன் கண்ணாடியை ஹார்ட்லெக்ஸ் என்று சொல்கிறது. அது உறுதியூட்டப்பட்ட சாதாரணக் கண்ணாடி. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் கண்ணாடி 5க்கும் 6க்கும் இடையில் நிற்கிறது, மணலில் உள்ள குவார்ட்ஸ் 7இல் நிற்கிறது. வெள்ளவத்தைக் கடற்கரை மணலும் வீட்டுச் சுவரின் சீமெந்துப் பூச்சும் அதைக் கீறுவதற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை. என்னுடையதில் 2 மணிக்கும் 4 மணிக்கும் நடுவே நீளமாக ஒரு கீறல். மாடிப்படிச் சுவரில் உரசி வந்தது. நகத்தால் குறுக்கே இழுத்தால் நகம் தடுக்கி நிற்கும் அளவுக்கு ஆழம்.

பஸ் கம்பியில் பட்டு வரும் வெள்ளிக்கோடுகள் எல்லாம் கீறல் அல்ல. பெரும்பாலும் கம்பியின் உலோகம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். பென்சில் அழிறப்பரால் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தால் போய்விடும். கடைக்கு எடுத்துப்போக முன்னர் இதைச் செய்து பாருங்கள், காசு மிச்சம்.

அடுத்தது, உங்களுடையது என்ன கண்ணாடி என்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய மணிக்கூடுகளில் இருப்பது பெரும்பாலும் அக்ரிலிக், அதாவது ஒருவகைப் பிளாஸ்டிக். நகத்தால் தட்டினால் மந்தமான சத்தம் வரும், தொட்டால் குளிர்ச்சி தெரியாது. சபயர் தொட்டவுடன் சில்லென்று இருக்கும், ஒரு துளி நீர் விட்டால் பரவாமல் உருண்டு நிற்கும். இரத்தினபுரியில் தோண்டி எடுக்கும் நீலக்கல்லும் இதுவும் ஒரே கனிமம்தான், இது நிறமில்லாமல் ஆலையில் வளர்க்கப்பட்டது. கடினம் 9. மணலோ சீமெந்தோ அதைத் தொடாது. ஆனால் விளிம்பில் பலமாக அடிபட்டால் சில்லுச்சில்லாக உடையும். அந்தத் துகள்கள் முகப்பைக் கீறும், இயந்திரத்துக்குள்ளும் போகும். உடைந்த சபயரோடு ஒரு நாள்கூடக் கட்டாதீர்கள்.

மாமா தந்த ரோமர் மணிக்கூடு ஒன்றும் என்னிடம் இருக்கிறது, சாவி கொடுத்து ஓடுவது, கண்ணாடி அக்ரிலிக். அதில் கீறல் விழுந்தால் கவலையே இல்லை. பொலிவொச் என்ற பசையைப் பஞ்சில் எடுத்து, கீறலுக்குக் குறுக்காகச் சில நிமிடம் தேய்த்தால் மெல்லிய கோடுகள் மறைந்துவிடும். வெள்ளைப் பற்பசையும் ஓரளவுக்குச் செய்யும், ஜெல் வகை சரிவராது.

ஹார்ட்லெக்ஸில் அந்த வித்தை பலிக்காது. புறக்கோட்டையில் மணிக்கூடு திருத்தும் ஒரு நானாவிடம் கொண்டுபோனேன். கண்ணில் உருப்பெருக்கியைச் செருகிப் பார்த்துவிட்டு, "தேச்சா எடுக்கலாம் தம்பி, ஆனா அந்த இடம் பள்ளம் விழும், எழுத்து வளைஞ்சி தெரியும். புதுசு போடுங்க" என்றார். சீரியம் ஒக்சைட்டு என்ற மெருகுப் பொடி வைத்துத் தேய்ப்பதெல்லாம் மேலோட்டமான கோடுகளுக்குத்தான். அவர் இயந்திரத்தை வெளியே எடுத்து மூடி வைத்தார், பழைய கண்ணாடியை அமுக்கி எடுத்தார், விட்டத்தையும் தடிப்பையும் அளந்து புதியதைத் தெரிந்தார், நைலோன் அச்சுக்கு நடுவே வைத்து மெல்ல மெல்ல இறுக்கினார். கண்ணாடியைச் சுற்றியிருந்த, நீர் புகாமல் தடுக்கும் வளையத்தையும் கேட்காமலே மாற்றினார். நல்ல திருத்துநரை இதில்தான் அடையாளம் காணலாம்.

இதற்கு முன் காலி வீதியில் வேறொரு கடையில் என் தங்கச்சியின் மணிக்கூட்டுக்கு வளையத்தை மாற்றாமல் பசை தடவி ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். கொழும்பின் புழுக்கம் தெரியும்தானே. குளிரூட்டிய அறைக்குள் போனதும் கண்ணாடியின் உட்பக்கம் ஆவி படிந்தது, பிறகு முகப்பில் புள்ளிகள் வந்தன. கண்ணாடியின் கீறலைவிடப் பல மடங்கு விலையைக் குறைப்பது அந்தப் புள்ளிகள்தான், முகப்பு கெட்டால் மீட்சி இல்லை. ஆகவே கண்ணாடி மாற்றியதும் நீர் அழுத்தச் சோதனை செய்யக் கேளுங்கள். அந்தக் கருவி இல்லாத கடை என்றால், அதற்குப் பிறகு மணிக்கூட்டைத் தண்ணீரில் நனைக்க வேண்டாம்.

விலைக்கு வருவோம். கீறலோடு விளம்பரம் போட்டபோது பார்க்க வந்தவர் அந்த ஒரு கோட்டைக் காட்டி 8,000 ரூபா குறைக்கக் கேட்டார். நானாவுக்கு நான் கொடுத்தது 2,500. வாங்குபவர் கண்ணாடியின் விலையைக் கழிப்பதில்லை. "இவ்வளவு அடிபட்டதென்றால் உள்ளே என்னவோ" என்ற பயத்தைக் கழிக்கிறார். படத்திலும் வெளிச்சம் அந்தக் கீறலில்தான் போய் நிற்கும், முகப்பு தெரியாது. மாற்றிய பிறகு மஜெஸ்டிக் சிட்டி கடைத்தொகுதிக்கு வந்து பார்த்த தம்பி, கண்ணாடி மாற்றியது என்று நான் முன்கூட்டியே சொல்லியிருந்தும், கேட்ட விலையில் அதிகம் பேரம் பேசவில்லை. பழைய கண்ணாடியைச் சின்னப் பையில் போட்டுக் கூடவே கொடுத்தேன்.

இந்தக் கணக்கு ஓரளவு விலையுள்ள சாதாரண மணிக்கூடுகளுக்குத்தான். பேர்போன பழையவற்றில் கதை தலைகீழ். ஒமேகா ஸ்பீட்மாஸ்டரின் அக்ரிலிக் கண்ணாடி நடுவில், உட்பக்கமாக, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மட்டும் தெரியும் சின்ன ஒமேகா அடையாளம் இருக்கும். அண்மைக்கால ரோலெக்ஸ் சபயரில் 6 மணிக்கு மேலே சின்னக் கிரீடம் பொறித்திருக்கும். வாங்குபவர் முதலில் தேடுவது இவற்றைத்தான். கீறல் விழுந்த அசல் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சந்தைச் சரக்கைப் போட்டால், கீறலுக்குக் குறைப்பதைவிடக் கூடக் குறைப்பார்கள். அப்படியானதை அப்படியே விற்பது நல்லது, இல்லையென்றால் நிறுவனத்தின் அசல் உதிரிப்பாகம் போட்டு அதன் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

ஹார்ட்லெக்ஸுக்குப் பதில் சபயர் போட்டால் விலை ஏறுமா என்று பலர் கேட்கிறார்கள். நீங்களே கட்டப்போகிறீர்கள் என்றால் தாராளமாகப் போடுங்கள், நாளாந்தம் கண்ணுக்கு நிம்மதி. விற்பதற்காகப் போடுவது வீண். சேகரிப்பவருக்கு அது அசல் அல்ல, மற்றவருக்கு வித்தியாசம் தெரியாது.

கண்ணாடி மாற்றும்போது சில கடைகளில் "கேஸையும் பொலிஷ் பண்ணித் தரட்டா, காசு வேண்டாம்" என்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். கண்ணாடியை நாளைக்கும் மாற்றலாம். தேய்ந்துபோன கேஸின் உலோகமும் மழுங்கிய விளிம்பும் திரும்பி வராது, விசயம் தெரிந்தவர் அதைக் கையில் எடுத்தவுடனேயே பிடித்துவிடுவார்.